நான்கு மூடி, நான்கு எண்: வெளிநாடு போகும் மாணவர்களுக்குக் குவான்டிஃபெரான் பிளஸ் எப்படி?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வந்து குவியும் மின்னஞ்சல்களில் ஒன்று காசநோய்ப் பரிசோதனை பற்றியது. இக்ரா அல்லது தோல் பரிசோதனை முடிவை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் பாடப்பதிவு நிறுத்திவைக்கப்படும் என்று அதில் இருக்கும். இக்ரா என்பது ஒரு வகை ரத்தப் பரிசோதனையின் பொதுப்பெயர். அந்த வகையில் மாணவர்கள் கையில் அதிகம் வந்து சேர்வது கியாஜென் நிறுவனத்தின் குவான்டிஃபெரான்-டிபி கோல்டு பிளஸ். அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற, நான்கு குழாய்கள் கொண்ட பதிப்பு இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குழந்தையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட மாணவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. இரண்டு குறைகள் உண்டு. ரத்தம் எடுப்பவரின் கைப்பக்குவத்தை இது அளவுக்கு மீறி நம்பியிருக்கிறது. அடுத்தது ஆய்வகங்கள் செய்யும் தவறு: பரிசோதனை தருவது எண்கள், மாணவர் கைக்கு வருவதோ ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல். எண் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான். வாங்கும்போதே எண்களைக் கேளுங்கள்.

எதை அளக்கிறது?

காசநோய்க் கிருமியைத் தேடும் பரிசோதனை இல்லை இது. உடம்பு அந்தக் கிருமியை முன்பு சந்தித்திருக்கிறதா என்று ரத்தத்தின் நினைவைக் கேட்கிறது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களின் துண்டுகள் குழாயின் உட்சுவரில் காய வைத்துப் பூசப்பட்டிருக்கும். கிருமியைச் சந்தித்த டி அணுக்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) ரத்தத்தில் இருந்தால், அந்தத் துண்டுகளைக் கண்டதும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். அதன் அளவுதான் முடிவு. பிசிஜி ஊசியில் உள்ள கிருமியில் இந்த இரண்டு புரதங்களும் இல்லை. அதனால் ஊசி போட்டுக்கொண்டவர் என்பதற்காகத் தவறாகப் பாசிட்டிவ் காட்டாது. காசநோய்க் கிருமியின் குடும்பமான மைக்கோபாக்டீரியங்களில் மற்றவற்றில் பெரும்பாலானவற்றிலும் இவை கிடையாது. கன்சாசி, மரினம், சுல்காய் ஆகிய மூன்றும் விதிவிலக்கு.

கிருமி உடம்பில் இருந்தும் நோயாகாத உறங்கும் தொற்றையும் நோயாகிவிட்ட காசத்தையும் பிரித்துச் சொல்ல இதற்குத் தெரியாது. பாசிட்டிவ் என்றால் நோய் என்று பொருளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு என்றெல்லாம் இருந்தால் நெகட்டிவ் முடிவை நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. அப்படிப்பட்டவருக்கு மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் வேண்டும்.

குழாய்கள்: வெற்றியும் தோல்வியும் இங்கேதான்

சாம்பல் மூடி ‘நில்’, பச்சை டிபி1, மஞ்சள் டிபி2, ஊதா மைட்டோஜென். ரத்தமும் இந்த வரிசையிலேயே எடுக்கப்பட வேண்டும். நில் குழாயில் தூண்டும் பொருள் எதுவும் இல்லை, ரத்தம் சும்மா இருக்கும்போதே எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க அது. மைட்டோஜென் எதையும் எழுப்பிவிடும் பொருள். அதற்குக்கூட ரத்தம் அசையவில்லை என்றால் நெகட்டிவ் முடிவு செல்லாது. டிபி1இல் உள்ள நீளமான துண்டுகள் சிடி4 என்ற வகை டி அணுக்களுக்கானவை. டிபி2இல் அவற்றோடு சிடி8 என்ற இன்னொரு வகைக்கான குட்டையான துண்டுகளும் சேரும். பழைய மூன்று குழாய்ப் பதிப்பில் இருந்த டிபி7.7 துண்டு இதில் கைவிடப்பட்டது.

ஒவ்வொரு குழாயிலும் 1 மி.லி. ரத்தம். 0.8 முதல் 1.2 வரை ஏற்கலாம். லேபிளின் பக்கத்தில் உள்ள கறுப்புக் கோடு அதற்கான அடையாளம். குழாய் மெதுவாகத்தான் இழுக்கும். நிரம்பியதுபோலத் தெரிந்த பிறகும் இரண்டு மூன்று விநாடி ஊசியிலேயே வைத்திருக்க வேண்டும். பட்டர்ஃபிளை ஊசியானால் அதன் நீளக் குழலில் உள்ள காற்று முதல் குழாய்க்குள் போய் நில் குறைவாக நிரம்பும். வேறொரு காலிக் குழாயைச் செருகி முதலில் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டால் போதும். பலரும் தவறவிடும் சின்ன விஷயம் இது.

அடுத்து குலுக்கல். குலுக்கலில்தான் அதிகம் கெடும். பூச்சு உட்சுவரில் ஒட்டியிருப்பதால், குழாயின் உள்பக்கம் முழுவதும் ரத்தம் படுமாறு 10 முறை குலுக்க வேண்டும். சாதாரண ரத்தக் குழாய்போல் இரண்டு முறை மெல்லக் கவிழ்த்து வைத்தால் புரதத் துண்டுகள் சுவரிலேயே தங்கிவிடும். உண்மையான பாசிட்டிவ் நெகட்டிவாகிவிடும். மருந்து பாட்டிலை உதறுவதுபோல் உதறினால் அடியிலுள்ள ஜெல் கலங்கி எண்கள் தாறுமாறாகும். குழாய்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்துவதும் தவறு. ரத்தம் எடுக்கும் நேரத்தில் அவை 17 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 810 மீட்டர் உயரம் வரைக்கும்தான் சாதாரணக் குழாய். அதற்கு மேலே வெற்றிடத்தின் இழுவை மாறிவிடும் என்பதால் உயரமான இடங்களுக்குத் தனிக் குழாய்களே விற்கிறார்கள். மலை நகரத்து ஆய்வகத்தில் நான்கு குழாயும் கோட்டுக்குக் கீழே நின்றால் உங்கள் நரம்பின் மேல் பழிபோடாதீர்கள்.

ரத்தம் எடுத்ததிலிருந்து 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டர் என்ற வெப்பப் பெட்டிக்குள் போக வேண்டும். உள்ளே 16 முதல் 24 மணி நேரம் நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். அதன் பிறகு அவசரமில்லை, சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க மூன்று நாள் வரை பொறுக்கலாம். ஆகவே இடரெல்லாம் முதல் 16 மணி நேரத்தில். உள்ளூரில் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் சேகரிப்பு மையங்களில் இந்தக் கெடு எளிதாகத் தவறும். வாரக் கடைசி என்றால் சொல்லவே வேண்டாம். மாற்று வழி உண்டு: லித்தியம் ஹெப்பரின் குழாய் ஒன்றில் குறைந்தது 5 மி.லி. எடுத்து 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 48 மணி நேரம் வரை தாங்கும், பிறகு அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நான்கு குழாய்க்கும் பிரித்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: இன்குபேஷன் இங்கேயே நடக்கிறதா? இல்லையென்றால் ரத்தம் எந்தக் குழாயில், எத்தனை மணிக்குப் போகிறது? பதில் தடுமாறினால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

எண்களைப் படிப்பது

டிபி1, டிபி2 இரண்டிலிருந்தும் நில் எண்ணைக் கழிக்க வேண்டும். கழித்த பின் ஏதாவது ஒன்று ஒரு மி.லி.க்கு 0.35 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்து, நில் எண்ணின் 25 சதவீதத்தையும் எட்டினால் பாசிட்டிவ். இரண்டிலும் எட்ட வேண்டியதில்லை. நில் 4.0 என்று வந்தவருக்கு 0.35 போதாது, குறைந்தது 1.0 வேண்டும் என்பது அந்த 25 சதவீதக் கணக்கின் விளைவு. நில் 8.0ஐத் தாண்டினால் முடிவு ‘இன்டிடெர்மினேட்’. டிபி1, டிபி2 இரண்டும் நெகட்டிவாக இருக்கும்போது, மைட்டோஜெனில் நில்லைக் கழித்து 0.5க்கும் குறைவாக வந்தாலும் அதே முடிவுதான்.

இந்த இன்டிடெர்மினேட் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுவோர் அதிகம். ‘சொல்ல முடியவில்லை, புதிதாக ரத்தம் கொடுங்கள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மைட்டோஜென் எழவில்லை என்றால் இன்குபேஷன் தாமதமாகியிருக்கலாம், குலுக்கல் போதாமல் இருந்திருக்கலாம், ஸ்டீராய்டு போன்ற மருந்தோ வேறு நோயோ எதிர்ப்புச் சக்தியை அமுக்கியிருக்கலாம். மறுபடியும் அப்படியே வந்தால்தான் மருத்துவர் யோசிக்க வேண்டும்.

இனி ஓர் உதாரண அறிக்கை: நில் 0.08, டிபி1 0.51, டிபி2 0.47, மைட்டோஜென் 9.20. கழித்தால் 0.43, 0.39. சட்டப்படி பாசிட்டிவ். ஆனால் இதே மனிதரின் ரத்தத்தை அடுத்த வாரம் எடுத்தால் 0.28 என்று வந்து நெகட்டிவாகிவிட வாய்ப்புண்டு. 0.35 என்ற கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இந்தப் பரிசோதனை ஊசலாடும். மருத்துவப் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் செய்து பார்த்ததில் இது நன்றாகவே தெரிந்தது. பெரும்பாலும் 0.2 முதல் 0.7 வரை உள்ள இடத்தைச் சந்தேகப் பகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்திருந்தால் 0.43ஐ அப்படியே பாசிட்டிவாக எடுத்துக்கொள்வது சரி. எந்தத் தொடர்பும் இல்லாத, நோய் அரிதான நாட்டில் வளர்ந்த மாணவருக்கு அதே 0.43 வந்தால் இரண்டாவது பரிசோதனை செய்துவிட்டுத்தான் பேச வேண்டும். டிபி1 6.8 என்று வந்தவரோடு இவரை ஒரே ‘பாசிட்டிவ்’ பெட்டியில் அடைக்கும் அறிக்கை யாருக்கும் உதவாது.

ஒரு சிறு குறிப்பு: இதே குழாய்களை டயாசோரின் நிறுவனத்தின் லயசான் கருவியில் வைத்தும் அளக்கலாம். அந்த எண்ணையும் எலைசா என்ற வழக்கமான ஆய்வக முறையில் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘ஏறிவிட்டது, இறங்கிவிட்டது’ என்று கணக்குப் போடாதீர்கள்.

போட்டியாளர்கள்

மாண்டூ தோல் பரிசோதனை நூறாண்டுக்கும் மேல் பழையது. முன்கையின் உட்புறத்தில் 0.1 மி.லி. மருந்தைத் தோலுக்குள் ஏற்றுவார்கள். 6 முதல் 10 மி.மீ. அளவில் வெளிறிய கொப்புளம் எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அளப்பது சிவப்பை இல்லை, தடிப்பை. அதுவும் கையின் குறுக்கே. சிவப்பை அளந்து 20 மி.மீ. என்று எழுதிவிடுவது இந்தப் பரிசோதனையின் தீராத வியாதி. காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து வருபவருக்கு 10 மி.மீ. தடிப்பு பாசிட்டிவ், நோயாளியோடு நெருங்கிப் பழகியவருக்கும் எச்ஐவி உள்ளவருக்கும் 5 போதும், எந்த அபாயமும் இல்லாதவருக்கு 15. பிசிஜி ஊசியும் தடிப்பைக் கொடுக்கும். பிறந்ததும் ஒரே முறை போட்டிருந்தால் பத்தாண்டில் பெரும்பாலும் தேய்ந்துவிடும், பள்ளி வயதில் போட்டிருந்தாலோ மறுபடி போட்டிருந்தாலோ நீண்ட காலம் நிற்கும். செவிலியர், மருத்துவப் படிப்புகளில் கேட்கும் இரண்டு கட்டச் சோதனையில், முதல் முறை நெகட்டிவ் என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் மீண்டும் ஓர் ஊசி. மொத்தம் நான்கு முறை நடக்க வேண்டும். குவான்டிஃபெரானில் ஒரே நடை. சேர்க்கைப் பரபரப்பில் இருக்கும் மாணவருக்கு இது பெரிய வித்தியாசம்.

டி-ஸ்பாட்.டிபி இன்னோர் இக்ரா. குழாய்க்கு இவ்வளவு ரத்தம் என்று அளக்காமல், ஒவ்வொரு குழிக்கும் 2,50,000 வெள்ளணுக்களை எண்ணிப் போட்டு, எத்தனை புள்ளி தோன்றுகிறது என்று பார்ப்பது. அணு எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி மருந்தால் அமுக்கப்பட்டவர்களுக்கு இது பொருத்தம். அமெரிக்க முறையில் 8 புள்ளி முதல் பாசிட்டிவ், 5 முதல் 7 வரை ‘எல்லைக்கோடு’ என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். அந்த நேர்மையைக் குவான்டிஃபெரானும் கற்றுக்கொள்ளலாம். ஆய்வகத்தில் வேலை அதிகம், செய்யும் இடங்கள் குறைவு. உங்கள் பக்கத்தில் இரண்டும் கிடைத்தால், நல்ல உடல்நிலையில் உள்ளவர் எதைச் செய்துகொண்டாலும் சரிதான்.

ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களையே தோலில் ஏற்றும் புதுவகை ஊசிகளை உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. பிசிஜி குழப்பம் அதில் இல்லை. ஆனால் பல்கலைக்கழகப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

எல்லா மாணவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வது இந்தத் தயாரிப்பைக் கெடுக்கும் வழி. கணக்கு இதோ. தொற்று இல்லாத 100 பேரில் 97 பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும், தொற்று உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவருக்கே தொற்று உள்ள 1,000 மாணவர்களிடம் செய்தால் உண்மைப் பாசிட்டிவ் 9, பொய்ப் பாசிட்டிவ் சுமார் 30. நூற்றுக்கு 25 பேருக்குத் தொற்று உள்ள 1,000 பேரிடம் செய்தால் உண்மை 225, பொய் சுமார் 22. பரிசோதனை ஒன்றுதான், கேட்கும் கூட்டம் மாறியதும் பதிலின் மதிப்பே மாறிவிடுகிறது. அதனால்தான் முதலில் கேள்வித்தாள்: எந்த நாட்டில் பிறந்தீர்கள், எங்கே நீண்ட நாள் தங்கினீர்கள், காசநோயாளியோடு பழக்கம் உண்டா? அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் 1 லட்சம் பேரில் ஆண்டுக்கு 20 பேருக்கு மேல் நோய் வரும் நாடுகளை அதிக ஆபத்து நாடுகளாக எடுத்துக்கொள்கின்றன.

விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே இருக்கும்போது ரத்தம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பட்டியலிட்ட நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களிடம் பிரிட்டன் எக்ஸ்ரே அடிப்படையிலான சான்றிதழ் கேட்கிறது. அது ஆறு மாதமே செல்லும். நுரையீரலில் இப்போது நோய் இருக்கிறதா என்பது அதன் கேள்வி. உறங்கும் கிருமி எக்ஸ்ரேயில் தெரியாது. அமெரிக்க மாணவர் விசாவுக்கோ மருத்துவப் பரிசோதனையே வழக்கமாகக் கிடையாது, ஆகவே பொறுப்பு முழுவதும் கல்லூரி மருத்துவ மையத்தின் தலையில் விழுகிறது.

காலக்கணக்கில் இரண்டு பொறிகள். தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா சேர்ந்த எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் முடிவைத் தற்காலிகமாக அமுக்கிவிடலாம். அந்த ஊசி போடும் அதே நாளில் ரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஊசிக்குப் பிறகு நான்கு வாரம் தள்ளிக் கொடுங்கள். சேர்க்கைக்கு இரண்டும் வேண்டியிருப்பதால் இதில் சிக்குவோர் பலர். இரண்டாவது, அறைத்தோழருக்குக் காசநோய் என்று தெரிந்த மறுநாளே செய்த பரிசோதனை நெகட்டிவ் என்றால் அதற்கு அரைமதிப்புதான். ரத்தம் பதில் சொல்லத் தொடங்க 8 முதல் 10 வாரம் ஆகலாம். அப்போது மீண்டும் செய்ய வேண்டும்.

பாசிட்டிவ் வந்துவிட்டால்

மார்பு எக்ஸ்ரே, அறிகுறி விசாரணை. இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால் அது மறைநிலைத் தொற்று, அதாவது முன்பு சொன்ன உறங்கும் தொற்று. இருமினாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பரவாது, வகுப்புக்குப் போகலாம், விடுதி அறையை மாற்ற வேண்டியதில்லை. இப்படிப்பட்டவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாக மாறும், தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அபாயம் அதிகம். மருந்து எதற்கு என்பதற்கு அதுவே பதில்.

பழைய ஒன்பது மாத ஐசோனியாசிட் 270 வேளை. மாணவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுவது இயல்பு. இப்போது முன்னுக்கு வந்திருப்பவை இரண்டு. ஒன்று, ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை, 12 வாரம். 50 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு ரிஃபாபென்டின் 900 மி.கி., ஐசோனியாசிட் எடையைப் பொறுத்து 900 வரை. ஒரே நேரத்தில் கை நிறைய மாத்திரை விழுங்க வேண்டும், அன்று காய்ச்சல்போல் உடம்பு வலிக்கலாம். தேர்வுக்கு முந்தைய நாளை மருந்து நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றது, ரிஃபாம்பிசின் தினமும் 600 மி.கி. வரை, நான்கு மாதம், 120 வேளை. இதை வெறும் வயிற்றிலும் ரிஃபாபென்டினைச் சாப்பாட்டோடும் எடுக்க வேண்டும். இரண்டிலும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், கான்டாக்ட் லென்ஸில் கறை படியும், கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். கடைசியாகச் சொன்னதைக் கல்லூரி மையங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிடுவதுண்டு, நீங்களே கேட்டுவிடுங்கள். ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்குக் கைகால் மரத்துப்போகாமல் இருக்க பி6 சேர்த்துத் தருவார்கள். மது கூடாது. பசியே எடுக்காமல், குமட்டலோடு, கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்து முடித்த பிறகும் குவான்டிஃபெரான் பாசிட்டிவாகவே இருக்கக்கூடும். குணமானதா என்று பார்க்க மறுபடி செய்வது வீண் செலவு. மேற்படிப்புக்கு வேறு பல்கலைக்கழகம் மாறும்போது அங்கேயும் இதே படிவத்தை நீட்டுவார்கள். திரும்ப ரத்தம் கொடுத்தால் மீண்டும் பாசிட்டிவ் வந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பதில் பழைய அறிக்கையின் நான்கு எண்களையும், எக்ஸ்ரே அறிக்கையையும், சிகிச்சை முடித்ததற்கான கடிதத்தையும் காட்டுங்கள். அந்தக் கடிதத்தில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, விழுங்கிய வேளைகளின் எண்ணிக்கை ஐந்தும் இருக்கின்றனவா என்று மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.